சீப்பில் இல்லாத நிறம்

போன கதையில், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்த மாரிசெல்வத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். இப்போது அவன் எழுந்து வந்துவிட்டான். மேலும் கீழுமாக முன்பல் எல்லாவற்றையும் டாக்டர் இம்மானுவேல் ராவிவிட்டு, மேலே உறைபோல வெள்ளைக் கேப்பு மாட்டி அனுப்பியிருக்கிறார். இது தற்காலிகக் கேப்பு. நிலைத்து நிற்கிற கேப்பு மதுரையில் செய்து வர வேண்டும்.

கேப்பு மாட்டி ஒரு வாரம் ஆகிறது. அந்த ஒரு வாரமும் மாரிசெல்வம் சிரித்தான்.

அவன் ஊர் வேலங்கரிசல். எம்.ரெட்டியபட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போக வேண்டும். ஆழத்துப் போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர். அங்கே பிறந்த பிள்ளைக்குப் பல் முளைக்கும்போதே பழுப்பு வரி ஓடும். உப்பைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, கரியைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதனால் அந்த ஊரில் யாரும் வாயைத் திறந்து சிரிப்பதில்லை. ஆண்களுக்குத் துண்டு முனை, பெண்களுக்கு முந்தானை, மாரிசெல்வம் வயதுக்காரர்களுக்குக் கைக்குட்டை.

அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் அவனுக்கு மாடிக் குடோனில் வேலை. சேர்ந்த புதிதிலேயே முதலாளி மேலே அனுப்பிவிட்டார். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம் அவரே கீழே கூப்பிட்டு, சேலைப் பிரிவில் நிற்கச் சொன்னார். மாரிசெல்வம் கைக்குட்டையை வீட்டிலேயே போட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

ஆனால் அவன் கேப்பு மாட்டியது கடைக்காக இல்லை. சத்யபிரியாவுக்காக.

வந்த சம்பந்தம் எல்லாம் அவன் வாயைத் திறந்ததும் போய்விட்டது. 'பையன் பாக்கு போடுவான்போல' என்று ஒரு வீடு. 'சிகரெட்டு ஜாஸ்தியோ' என்று இன்னொரு வீடு. கடைசியில் திருச்சுழிப் பக்கம் சத்யபிரியா வீட்டில்தான் சரி என்றார்கள். பெண் பார்க்கப் போன அன்று அவன் வாயிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை. பல்லைப் பார்க்காததால்தான் சரி என்றார்கள் என்று நினைத்தான். நிச்சயத்துக்குள் பார்த்துவிட்டால் இதுவும் போய்விடும் என்று பயந்தான். அந்தப் பயம்தான் அவனை டாக்டர் நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

இன்று சத்யபிரியாவின் அப்பாவும் அம்மாவும் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள்.

காலையில் பால் வாங்க மொக்கையன் டீக்கடைக்குப் போனான் மாரிசெல்வம்.

"ஏலே, லைட்ட அமத்துங்கடா. மாரிசெல்வம் வாரான், வெளிச்சம் போதும்" என்றான் மொக்கையன்.

பெஞ்சில் இருந்தவர்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

"என்ன மாப்ள, பல்லுக்கு வெள்ளையடிச்சாச்சு. வீட்டுக்கு எப்ப?"

"வீட்டுக்கும் அடிச்சிருவோம் மாமா. ஒரு கோட்டிங் உங்க கடைக்கும் சேத்து."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். கையை உயர்த்தாமல், தலையைக் குனியாமல். பெஞ்சில் சிரிப்பு நின்றுபோனது. தங்கள் ஊர்க்காரன் ஒருவன் இப்படிச் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

பால் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு திரும்பியபோது மொக்கையன் கடையை விட்டு அவன் பின்னாலேயே வந்தான்.

"மாப்ள, வலிக்குமா?"

"ராவும்போது தெரியாது மாமா, ஊசி போட்டுருவாக. பெறகு பச்சத்தண்ணி பட்டா உச்சந்தலை வரைக்கும் இழுக்கும்."

"பொறுத்துக்கிறலாமா?"

"யாருக்குக் கேக்குறீக?"

மொக்கையன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். "எனக்குத்தான்டா. இந்த வயசுல இது என்ன கூத்துன்னு உங்க அத்தை வைவா. வஞ்சிட்டுப் போறா. அவ முன்னாடி ஒருக்கா சிரிச்சுப் பாக்கணும்டா மாப்ள."

வீட்டில் ராமசுப்பு ஒரு வாரமாக மகனோடு பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் பால் வற்றிய மாட்டிடம் பேசினார்.

"ஆம்பளைக்குப் பல்லு எதுக்கு? கருது கடிக்க. நல்லாக் கடிச்சுக்கிட்டுத்தானே இருந்துச்சு? அதப் போயி ராவி எறிஞ்சுட்டு வந்து நிக்கிறான்."

"நீங்க பேசாதீக" என்று அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள் சந்தனம்மாள். "நம்ம கல்யாணப் போட்டோவப் போயிப் பாருங்க. எழவு வீட்டுல எடுத்த மாதிரி நிக்கிறீக. எம்புள்ளையாச்சும் சிரிச்சுக்கிட்டு நிக்கட்டும்."

வெயில் ஏறுவதற்குள் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. சத்யபிரியாவின் அப்பா ஐயாத்துரை முதலில் இறங்கினார். பின்னால் அம்மா பெத்தம்மாள், கையில் பழத்தட்டோடு.

ராமசுப்புவும் ஐயாத்துரையும் பிளாஸ்டிக் நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மழை இல்லாததைப் பேசினார்கள். மக்காச்சோளத்தில் பன்றி புகுந்ததைப் பேசினார்கள். இரண்டு பேருமே துண்டு முனையை வாயில் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். ராமசுப்புவுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. அவர் பார்த்த பெரிய மனுஷர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள்.

"உங்க மக அடக்கமான புள்ள மதினி" என்றாள் சந்தனம்மாள். "அன்னைக்கு நாங்க வந்து எந்திரிச்சுப் போற வரைக்கும் உதட்டப் பிரிக்கல. இந்தக் காலத்துல யாரு அப்படி இருக்கா?"

பெத்தம்மாள் முந்தானைக்குள்ளேயே "உம்" என்றாள்.

காப்பித் தட்டோடு மாரிசெல்வம் வெளியே வந்தான். வணக்கம் சொன்னான். ஒரு வாரமாகப் பழகியபடி, நன்றாகவே சிரித்தான்.

ஐயாத்துரை துண்டை இறக்கவில்லை. கண் மட்டும் மாறியது.

"மாப்பிள்ளைக்குப் பல்லு..." என்று இழுத்தார்.

"சரிபண்ணியாச்சுல்ல!" என்று முந்திக்கொண்டாள் சந்தனம்மாள். "டவுனு டாக்டருட்ட. இன்னும் நல்ல கேப்பு மதுரையில இருந்து வருது."

"எதுக்கு?" என்றாள் பெத்தம்மாள்.

"நல்லாக் கேட்டீக மதினி! அந்தக் கறைப்பல்லோட மணவறையில எப்படி உக்கார்றது? உங்க பொண்ணு பக்கத்துல நிக்கணும்ல? அது என்ன பல்லு, அதப் பாத்தா ஒருத்தருக்குச் சோறு இறங்குமா?"

தன் மகனைப் பற்றித்தான் சொன்னாள். தன் வாயை முந்தானையால் மூடிக்கொண்டுதான் சொன்னாள்.

பெத்தம்மாள் காப்பியைக் கீழே வைத்தாள். பாதிக்குமேல் இருந்தது.

பிறகு ஐயாத்துரை எழுந்து, "மாட்டுக்கொட்டம் நல்லாப் போட்டிருக்கீக" என்றார். வீட்டைப் பற்றி வேறு ஒன்றும் அவர் சொல்லவில்லை. அடுப்படியை எட்டிப் பார்க்கவில்லை, கிணறு எங்கே என்று கேட்கவில்லை.

சந்தனம்மாள் நீட்டிய தட்டில் பெத்தம்மாள் குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டாள். பூவை எடுக்கவில்லை. "போயிட்டு வாரோம்" என்பதற்குப் பதிலாக, "கெளம்புறோம்" என்றாள்.

ஆட்டோ புழுதிக்குள் மறைந்த பிறகும் சந்தனம்மாள் தட்டைப் பிடித்தபடியே நின்றாள்.

"நான் என்ன சொல்லிப்புட்டேன்?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

மத்தியானம் மாரிசெல்வம் மோட்டார் ரூம் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. சத்யபிரியா. வீடியோ கால்.

பூ வைத்த நாளிலிருந்து இரண்டு பேரும் தினமும் பேசுகிறார்கள். ஒரு நாளும் வீடியோவில் பேசியதில்லை. "எங்க ஊர்ல நெட்டு இழுக்காது" என்பான் இவன். "இங்கயும் அப்படித்தான்" என்பாள் அவள்.

அவன் மீசையை ஒதுக்கிக்கொண்டு, சிரித்த முகமாகவே எடுத்தான்.

அவள் சிரிக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"அம்மா சொன்னது நெசந்தான்போல."

"எப்படி இருக்கு?" என்றான். இன்னமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். உதட்டை விரித்துப் பல்லைக் காட்டினாள்.

பழுப்பு. நடுப்பல் இரண்டிலும் குறுக்கே வரி. ஓரத்தில் துரு ஏறிய தகரம்போல அரித்திருந்தது. தினமும் கண்ணாடியில் பார்த்து அவன் வெறுத்த பல்.

அவன் முகம் சுளித்தது. ஒரு கணம்தான். சுளித்தது அவனுக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லாப் பாத்துக்கங்க. இதப் பாத்தா உங்க அம்மாவுக்குச் சோறு இறங்காதாம்."

"சத்யா... எனக்குத் தெரியாது."

"எப்படித் தெரியும்? நாந்தான் வாயவே தொறக்கலயே. உங்க வீட்டுல அதுக்கு அடக்கம்னு பேரு வச்சுட்டீக."

"அப்ப நீ எதுக்குச் சரின்னு சொன்ன?"

"உங்க பல்லப் பாத்துத்தான்."

"எம்பல்லையா? எப்பப் பாத்த?"

"அன்னைக்குக் கெளம்பும்போது உங்க பெரியப்பா செருப்ப எங்க நாயி தூக்கிட்டு ஓடுச்சுல்ல? அவுக வேட்டிய மடிச்சுக்கிட்டு அது பின்னாடியே ஓடுனாக. நீங்க கைக்குட்டையக் கீழ விட்டுட்டு வாய் நெறையச் சிரிச்சீக. நான் சன்னல்ல நின்னேன். அம்மாட்ட ஓடிப்போயி, எனக்கு இவுகளையே கட்டிவையின்னேன்."

மாரிசெல்வத்துக்கு அந்தச் செருப்பு ஞாபகம் வந்தது. சிரித்தது ஞாபகம் இல்லை.

"இதுக்கு முன்னாடி விருதுநகர்ல ஒரு மாப்பிள்ளை. பொண்ணுக்குப் பல்லச் சரிபண்ணிட்டு வாங்க, பெறகு தேதி பாப்போம்னாரு. வண்டிக்கு டயரு மாத்தச் சொல்ற மாதிரி. பஸ்ஸுல வரும்போது எங்கப்பா ஒரு வார்த்தை பேசல. அதுக்குப் பெறகு உங்களப் பாத்ததும், இவுக வீட்டுல நான் துணி வைக்காமச் சிரிக்கலாம்னு நெனச்சேன்."

"உனக்காகத்தான் சத்யா பண்ணுனேன்."

"என்னையக் கேட்டீகளா? உங்க வாயில இருந்தப்பவே உங்களுக்குப் புடிக்கல. என் வாயில இருந்தா மட்டும் புடிச்சிருமா?"

"அப்படி இல்ல..."

"இப்பச் சுளிச்சீகளே."

அவன் எதைச் சொன்னாலும் அந்தச் சுளிப்பு போகாது என்று அவனுக்குத் தெரிந்தது.

"கழட்டிர்றேன்" என்றான்.

அவள் நிமிர்ந்தாள். "கழட்ட முடியுமா?"

"டெம்பரவரிதான். இன்னைக்கே கழட்டிர்றேன்."

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்பா நாளைக்கு வேற இடம் பேச வரச் சொல்லியிருக்காக. நான் நிப்பாட்டி வைக்கிறேன். கழட்டிட்டுச் சொல்லுங்க. வீடியோவுல பாக்கணும், அம்மாவுக்கும் காட்டணும்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது ராமசுப்பு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"நானும் வாரேன்" என்றார். ஒரு வாரத்தில் மகனிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில்தான் பல் ஆஸ்பத்திரி. காத்திருந்தவர்களில் பாதிக்குமேல் ஆண்கள். ஒரு லாரி டிரைவர் போனில் தன் பல்லைத் தானே படம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லுக்குக் கம்பி கட்டியிருந்த, காதோரம் நரைத்த ஒருவர் மனைவியிடம் மெல்லச் சிரித்துக் காட்டிச் சரியா என்று கேட்டார்.

ராமசுப்பு துண்டுக்குள்ளிருந்து, "இம்புட்டு ஆம்பளைகளா?" என்றார். தன் மகன் ஒருத்தனுக்குத்தான் புத்தி கெட்டுப்போனது என்று அவர் இதுவரை நினைத்திருந்தார்.

டாக்டர் இம்மானுவேல் சின்ன வயசுக்காரர். கோபித்துக்கொள்ளவில்லை.

"கழட்டுறது பெரிய வேலை இல்ல செல்வம். இன்னைக்கு எப்படியும் கழட்டி அளவு பாக்கணும். ஆனா உள்ள என்ன இருக்குன்னு தெரியும்ல?"

"என் பல்லு."

டாக்டர் கேப்புகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டார். கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.

மாரிசெல்வம் பார்த்தான். பூச்சி தின்ற சோளம்போல, சின்னச் சின்னக் கூர் முளைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி. மூச்சை இழுத்தான். காற்று பட்டதும் மண்டை வரை இழுத்தது. கண்ணில் நீர் வந்தது.

ராமசுப்பு எட்டிப் பார்த்தார்.

"பழைய பல்லு எங்க தம்பி?" என்று டாக்டரைக் கேட்டார்.

"ராவியாச்சுங்கய்யா."

"ராவுனத எங்க வச்சிருக்கீக?"

"வைக்க முடியாதுங்கய்யா. மாவாப் போயிரும். தண்ணியோட."

"எடுத்து ஒட்ட வழி இல்லையா?"

டாக்டர் தலையை ஆட்டினார். பிறகு மாரிசெல்வத்தைப் பார்த்து, "மொத நாளே சொன்னேன் செல்வம். திரும்பப் பழைய பல்லு வராதுன்னு" என்றார்.

சொன்னார்தான். அன்று அவனுக்கு அதைவிட நல்ல செய்தி வேறு இல்லை.

டாக்டர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே சீப்புபோல ஒன்று. ஒவ்வொரு பிடியின் முனையிலும் ஒரு பொய்ப்பல். பால் வெள்ளையில் தொடங்கி மங்கிய மஞ்சள் வரை வரிசையாக நின்றது.

"இதுல எந்தக் கலருன்னு சொல்லணும். நாளைக்குக் காலையில மதுரைக்கு அளவு போகுது. மாட்டிட்டா மாத்துறது கஷ்டம்."

"பழசு மாதிரி" என்றான் மாரிசெல்வம். முன்பல் ராவிய வாயில் சொல் காற்றாகச் சிதறியது. இன்னொரு தடவை சொன்னான். "பழசு மாதிரியே வேணும் சார்."

டாக்டர் அவனையே பார்த்தார். "பழசு எப்படி இருந்துச்சுன்னு பாக்க என்கிட்ட போட்டோகூட இல்ல. நீங்கதான் எடுக்க வேண்டாம்னீங்க."

அவன் போனிலும் இல்லை. வாய் திறந்து சிரித்த படம் ஒன்றுகூட அவன் வாழ்நாளில் இல்லை.

அப்போது ராமசுப்பு முன்னால் வந்தார். வாயிலிருந்து துண்டை எடுத்தார். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். டாக்டரின் பெரிய விளக்குக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்து வாயைத் திறந்தார்.

"எம்பல்லும் அவன் பல்லும் ஒண்ணுதான் தம்பி. இத வச்சுப் பாருங்க."

மாரிசெல்வம் அப்பாவின் பல்லை முழுதாகப் பார்த்தது அன்றுதான். பழுப்பு வரி, அரித்த ஓரம், இடது பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி அவனுக்கும் இருந்தது. கண்ணாடியில் எத்தனையோ நாள் நகத்தால் சுரண்டியிருக்கிறான். இப்போது பார்க்கும்போது, இவ்வளவுதானா என்று இருந்தது.

டாக்டர் சீப்பை அந்தப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றாக நகர்த்தினார். கடைசி மஞ்சளும் வந்தது. அதுவும் வெளுப்பாகத்தான் இருந்தது.

"இல்லைங்கய்யா. வாய மூடிக்கலாம்."

ராமசுப்பு மூடவில்லை. திறந்த வாயோடு, "ஓரத்துல இருக்கா, நல்லாப் பாருங்க" என்றார்.

"கம்பெனிக்காரன் இந்தக் கலரு செய்யவே இல்லைங்கய்யா. கறை போடச் சொல்லி லேபுல கேட்டுப் பாக்கலாம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. போட்டாலும் அது மேல பூசுனதுதான்."

டாக்டர் சீப்பைப் பெட்டியில் வைத்து மூடினார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. திரையில் சத்யபிரியாவின் படம். உதட்டை மூடிச் சிரித்த படம். வீடியோ கால்.

மாரிசெல்வம் பாக்கெட்டில் கைக்குட்டையைத் தேடினான். அது வீட்டில் கிடந்தது.

ராமசுப்பு தோளிலிருந்த துண்டை எடுத்து மகனிடம் நீட்டினார். அவன் வாங்கி வாயைப் பொத்திக்கொண்டான். அப்பாவின் வியர்வை நாற்றம் அடித்தது.

"எடுத்துப் பேசுப்பா. பாவம், அந்தப் புள்ள காத்துக்கிட்டு இருக்கும்" என்றார் அவர். மூட மறந்த வாயோடு.

போன் நிற்காமல் அடித்தது.

"எடுத்து என்னத்தப்பா காட்டுறது?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டான் மாரிசெல்வம்.